மிதிபலகையில் சொன்ன மூன்று தலாக்

சட்டக் கல்லூரியை முடித்துக்கொண்டு நான் கல்முனைக்குத் திரும்பியது எழுபத்தெட்டில் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம். நீதிமன்றத்துக்குப் பின்னால் இருந்த குறுகலான ஒழுங்கையில், இன்னொரு சட்டத்தரணியோடு சேர்ந்து ஒரு அறையை வாடகைக்கு எடுத்தேன். கூரைத் தகரம் புதிது, சுவர் பழையது. மழை பெய்தால் கட்சிக்காரர் சொல்வது கேட்காது. வந்த வழக்குகளில் பெரும்பாலானவை வயல் எல்லை, வாய்க்கால் தண்ணீர், காணி உறுதிப் பத்திரம். மனநோய் சம்பந்தப்பட்ட வழக்கு எதுவும் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்படி ஒரு வழக்கு இருக்கமுடியும் என்றே ஊரில் யாரும் நினைத்ததில்லை. யாருக்காவது அப்படி ஒரு வருத்தம் வந்தால் முதலில் தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள். பிறகு தாயத்து. அதற்குப் பிறகு வீட்டின் பின்னறை.

என் வாப்பாவின் தம்பி ஒருவர் அப்படியான பின்னறையில்தான் பதினோரு வருடம் இருந்தார். சிறு வயதில் நாங்கள் அந்தக் கதவைத் தாண்டித்தான் கிணற்றுக்குப் போவோம். அவர் பெயரில் இருந்த வயலை யார் விதைத்தார்கள், எந்த உரிமையில் விதைத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. சட்டம் படித்த பிறகும் எனக்கு அது கேட்கவேண்டிய கேள்வியாகத் தோன்றவில்லை. அவர் மௌத்தானபோது நான் கொழும்பில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் வந்தது ஒரு திங்கட்கிழமை. மருதமுனைக்காரி. முப்பது வயதிருக்கும். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வீட்டிலேயே தறி வைத்து, ஆண்கள் உடுக்கும் சாரம் நெய்கிறவள். வாசலில் நின்று, "லோயர் தம்பி, உள்ளுக்கு வரலாமா?" என்று கேட்டாள். அவள் யார் என்று சொல்வதற்கு முன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று நாட்களாக அவளுடைய கணவனின் கதையைத்தான் கல்முனை முழுவதும் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் பஸ் கண்டக்டர். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் ஓடுகிற பஸ்ஸில் ஏழெட்டு வருடமாக வேலை. முந்திய வெள்ளிக்கிழமை அக்கரைப்பற்றிலிருந்து திரும்பி வரும்போது ஜும்ஆ முடிகிற நேரம். பாதையோரப் பள்ளிவாசல் ஒன்றிலிருந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவர் மணியை ஒருதரம் அடித்தார். சாரதி பஸ்ஸை நிறுத்தினார். கண்டக்டர் முன் மிதிபலகையில் இறங்கி நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மனைவியின் பெயரையும் அவளுடைய வாப்பாவின் பெயரையும் சொல்லி, மூன்று தரம் தலாக் என்று சத்தமாகச் சொன்னார். பிறகு மணியை இரண்டு தரம் அடித்தார். பஸ் புறப்பட்டது. கல்முனை வரும் வரைக்கும் ஏறியவர்களுக்கெல்லாம் ஒரு பிழையுமில்லாமல் டிக்கட் கிழித்துக் கொடுத்தார்.

பஸ்ஸுக்குள் ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள். அட்டாளைச்சேனை, நிந்தவூர், சாய்ந்தமருது என்று ஒவ்வொரு ஊரிலும் இறங்கியவர்கள் செய்தியையும் கூடவே இறக்கிவிட்டுப் போனார்கள். பின்னேர அஸருக்கு முன்னமே அது மருதமுனைக்கு வந்துவிட்டது. அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது பொழுதுபட்டு, மஃரிபுக்குப் பிறகு.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. கலியாணத்துக்கு முன்னமே பெண்ணின் தகப்பன் வீடு கட்டி அவள் பேரில் எழுதிக் கொடுப்பார். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். ஆகவே தலாக் விழுந்துவிட்டது என்றால் வெளியே போகவேண்டியவர் ஆண்தான். மற்ற மாப்பிள்ளைமாருக்குப் போக ஒரு இடம் இருக்கும். இவருக்கு உம்மாவும் வாப்பாவும் இல்லை. இரண்டு சகோதரிகள் கணவன்மாரோடு அவரவர் வீட்டில். அந்த மச்சான்மார் இருவரும் அவரைத் தங்கள் வளவுக்குள் எடுக்க மறுத்துவிட்டார்கள்.

"நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"நான் இறங்கித் தங்கச்சிர வீட்டுக்குப் போயிட்டன்" என்றாள். "அவர் என்ட வீட்டில இரிக்காரு."

தங்கச்சி குறுக்கிட்டு, தங்கள் மூத்த சகோதரனைப் பற்றிச் சொன்னாள். "காக்கா ஏசிக் கொல்லுறாரு தம்பி. சொந்த வீட்ட அவருக்கு விட்டுட்டு நீ என்னத்துக்குப் போறாய் எண்டு."

"அவர வெளியால போட்டா எங்க போவாரு? கடக்கரைக்குத்தான்" என்றாள் அக்கா.

நான் கல்லூரியில் படித்ததை அவளுக்குச் சொன்னேன். சட்டப்படி தலாக் சொல்ல விரும்புகிறவர் முதலில் முஸ்லிம் விவாக நீதிபதியான காதிக்கு அறிவிக்கவேண்டும். காதி இரண்டு பேரையும் சேர்த்துவைக்கப் பார்க்கவேண்டும். நாள் கடக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் காதியின் முன்னால், சாட்சிகள் இருக்க, சொல்லவேண்டும். பஸ்ஸில் சொன்னதை எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாது. ஆகவே அவர்களுடைய கலியாணம் அப்படியே இருக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கேள்விக்கு முழு விடை எழுதிய திருப்தியோடு சொல்லி முடித்தேன்.

அவள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள். "சட்டத்தில நடக்கல்ல எண்டுறீங்க. சரி. கிணத்தடியில நடந்திட்டே தம்பி. பள்ளியிலயும் நடந்திட்டு. நான் அவரோட ஒரு வீட்டில இரிந்தா, நாளைக்கு என்ட மகளுக்கு ஆரு மாப்பிள்ள குடுப்பாங்க? எனக்கே மனசு கேக்காது. ஹராமா ஹலாலா எண்டு எனக்கு ஒரு ஆள் சொல்லணும். சொல்லுறத எழுதித் தரணும்."

மகளுக்கு அப்போது ஆறு வயது.

புத்தி பேதலித்த நிலையில் ஒருவர் சொல்லும் தலாக் செல்லாது என்பதில் மார்க்கச் சட்டத்திலும் சந்தேகமில்லை. அதை அவளும் ஒரு மௌலவியிடம் கேட்டு அறிந்திருந்தாள். ஆனால் மௌலவி ஒரு மறுகேள்வி கேட்டிருக்கிறார். அந்த நேரத்தில் கண்டக்டருக்குப் புத்தி பேதலித்திருந்தது என்பதற்கு என்ன சாட்சி? டிக்கட்டைப் பிழையில்லாமல் கிழித்த மனிதன் எப்படிப் பைத்தியமாவான் என்று ஊர் கேட்டது. பள்ளியை நிருவகிக்கும் மரைக்காயர்மாரும் அதையேதான் கேட்டார்கள்.

இதைத் தீர்த்து எழுதித் தரக்கூடியவர் காதி ஒருவர்தான். ஆனால் காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி தோன்றி வாதாட முடியாது. கட்சிக்காரர் தாமே கதைக்கவேண்டும். நான் செய்யக்கூடியதெல்லாம் எழுதிக் கொடுப்பதும், என்ன கேட்பார்கள் என்று சொல்லிக் கொடுப்பதும்தான். இதை அவளிடம் சொன்னபோது, "அப்ப நான்தான் கதைக்கணுமா?" என்று ஒருதரம் கேட்டாள். பிறகு "ஓம், கதைக்கிறன்" என்றாள்.

இப்படியான விண்ணப்பத்துக்கு அச்சடித்த படிவம் எதுவும் இருக்கவில்லை. நானே ஒன்றை எழுதினேன். நோயைப் பெரிதாகக் காட்டினால்தான் காரியம் நடக்கும் என்று நினைத்து, 'எனது கணவர் புத்தி சுவாதீனமற்றவர்' என்று தொடங்கினேன். அடுத்த தடவை அவள் வந்தபோது வாசித்துக் காட்டினேன். அந்த வரியிலேயே நிறுத்தினாள்.

"அப்பிடி எழுதாதீங்க. அவருக்குப் புத்தி இரிக்கி. அண்டைக்கு இருக்கல்ல. அத எழுதுங்க."

எனக்குச் சற்று எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தபோது அவள் சொன்னதே சரியான சட்டம் என்று தெரிந்தது. அவர் எப்போதும் சுயபுத்தி இல்லாதவர் என்று நாமே எழுதிக் கொடுத்தால், அந்தக் கடதாசியைக் காட்டி பஸ் டிப்போ அவரை வேலையிலிருந்து நிறுத்தலாம். நாளைக்கு அவர் ஒரு காணி உறுதியில் கையெழுத்துப் போட்டால் செல்லாது என்று யாரும் சொல்லலாம். எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமையின் ஒரு மணித்தியாலம் மட்டும்தான். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன்.

இதற்கிடையில் அவருடைய நிலை மோசமாகிவிட்டது. வீட்டுக் கதவையும் யன்னல்களையும் உள்ளிருந்து கயிற்றால் கட்டிக்கொண்டார். தங்கச்சி கொண்டுபோய் வைத்த சோற்றைத் தொடவில்லை. சாரதிதான் வந்து, யன்னலருகே நின்று ஒரு மணித்தியாலம் கதைத்து, கதவைத் திறக்கவைத்தார். சாரதி காரைதீவைச் சேர்ந்த இந்துத் தமிழர், ஐம்பது வயதைத் தாண்டியவர். அவரும் பெண்ணின் காக்காவுமாக அவரை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். மனைவியால் அவரோடு போக முடியவில்லை. மனைவியா இல்லையா என்பதே தீராமல் இருந்தது. அவர் அங்கே இரண்டு மாதம் இருந்தார். அந்த இரண்டு மாதமும் அவள் தன் வீட்டுக்குத் திரும்பி வந்து இருந்தாள்.

அவர் திரும்பி வருகிறார் என்று செய்தி வந்த அன்று மறுபடியும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். ஆனால் தறி முன்னறையில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நெய்யாமலும் இருக்க முடியாது. அவர்களுக்குள் ஒரு ஒழுங்கு உண்டாயிற்று. இரண்டு பேரும் நேரில் கதைக்காமல், தங்கச்சி வாயால் ஏற்பட்ட ஒழுங்கு. காலைச் சாப்பாடு முடிந்ததும் அவர் எழும்பிக் கடற்கரைக்குப் போவார். அவள் தங்கச்சியோடு வந்து தறியில் இருப்பாள். வெயில் ஏறியதும் அவர் திரும்பி ஒழுங்கையின் முனையில் வந்து நிற்பார். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் அங்கேயே நிற்பார். சத்தம் நின்று, பெண்கள் இரண்டு பேரும் அடுத்த வளவுக்குப் போன பிறகுதான் உள்ளே போவார். மூன்று மாதம் அப்படி நடந்தது. ஒருநாள் சத்தியக் கடதாசியில் கையெழுத்து வாங்குவதற்காக நான் அங்கே போனபோது அவர் அந்த முனையில்தான் நின்றார். மருந்தினால் முகம் வீங்கி, கை நடுங்கிக்கொண்டிருந்தது. "உள்ளுக்குத்தான் இரிக்காங்க, போங்க தம்பி" என்று வழிவிட்டார்.

சாட்சி தேடி நான் அந்த பஸ்ஸில் நாலைந்து தரம் போய் வந்தேன். அன்று பயணம் செய்தவர்கள் பலரைக் கண்டுபிடிக்க முடிந்தது. மூன்று தரம் சொன்னதைக் கேட்டேன் என்று கையெழுத்து வைக்க எல்லாரும் தயார். அதற்கு முன்னும் பின்னும் அவருடைய நடத்தை எப்படி இருந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. கண்டக்டரின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

கடைசியில் சாரதியின் வீட்டுக்குப் போனேன். அவர் முதலில் பால் விடாத பிளேன்டீ தந்தார். பிறகு கேட்டார். "நான் சொன்னா அவன்ட வேலை போயிரும், என்ன?"

"சொல்லாட்டி அவர்ர வீடு போயிரும் அண்ணன்."

அவர் சொன்னார். ஒரு வருடத்துக்கு முன்னமே தொடங்கிவிட்டது. பின் சீட்டில் இரண்டு பேர் ஏறி இருக்கிறார்கள், தன்னைப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள் என்று கண்டக்டர் சொல்லுவாராம். அந்தச் சீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். அங்கே வேறு ஆட்களை உட்காரவும் விடமாட்டாராம். சில நாள் குறிப்பிட்ட சில தரிப்பிடங்களில் நிறுத்தவேண்டாம் என்று கெஞ்சுவாராம். சாரதி அப்படியே நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறார். மேலிடத்துக்கு முறைப்பாடு போனபோது பிரேக்கில் பிழை என்று சொல்லிக் காப்பாற்றியும் இருக்கிறார்.

"ஆருக்கும் சொல்லல்லையா அண்ணன்?"

"சொன்னா அவனக் கட்டிப்போடுவாங்க எண்டு நினைச்சன். அது பிழைதான். அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கணும்."

விசாரணை நாள் குறித்து அறிவித்தல் வந்தது. அதற்கு முந்திய வாரம் நான் செய்த ஒன்றை இங்கே எழுதத்தான் வேண்டும். கணவரைக் காதி என்ன கேட்பார் என்று அவளுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். "சொன்னது நினைவிருக்கா எண்டு கேப்பாரு. நினைவில்ல எண்டு அவர் சொன்னா வேலை லேசாப் போகும் ராத்தா" என்றேன். பொய் சொல்லச் சொல்லுங்கள் என்று நான் நேராகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் சொல்லும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவருக்கு நினைவு இரிக்கி. தங்கச்சிட்டச் சொல்லியிரிக்காரு. பள்ளிக்கு முன்னால சொன்ன சொல்லுக்கு ஒரு பொய்யையும் சேத்து வைக்கச் சொல்லுறீங்களா?"

நான் வேறு கதைக்குப் போய்விட்டேன்.

விசாரணை காதியின் வீட்டு மண்டபத்தில் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. காதி ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். நான் உள்ளே போகக்கூடாது. முற்றத்தில், யன்னலுக்கு நேரே உட்கார ஒரு வாங்கைப் போட்டுத் தந்தார்கள். உள்ளே நடந்தது எல்லாம் எனக்குக் கேட்டது, பாதி தெரிந்தது. வாதாடப் பழகிய ஒருவனுக்கு வாயைப் பொத்திக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் அறிந்தேன்.

முதலில் பெண்ணின் காக்கா கதைத்தார். அவர் கெட்டவர் அல்ல. "இவ என்ட கூடப்பிறந்தவ. இவர்ர வருத்தத்த இண்டைக்கு நேத்தா பாக்கிறம்? ஒருநாள் அலமாரிக் கண்ணாடிய உடைச்சாரு. புள்ள பயந்து என்ட வீட்டுக்கு ஓடி வந்திச்சி. அவராவே தலாக் சொல்லிட்டாரு. அல்லாஹ்வே ஒரு வழியக் காட்டியிரிக்கான். இவக்கு வயசு முப்பது. வேற ஒரு நல்ல இடத்தில முடிச்சிக் குடுக்கலாம்."

அடுத்தது சாரதி. மாற்று மதத்தவரின் சாட்சியை எடுக்கலாமா என்று உள்ளே ஒருவர் கேட்டார். "பஸ் ஓட்டினது அவர்தானே. கேக்காம எப்பிடி?" என்றார் காதி. சாரதி என்னிடம் சொன்னதையெல்லாம் சொன்னார். தான் பொய் சொல்லிக் காப்பாற்றியதையும் சேர்த்துச் சொன்னார். டொக்டரின் கடிதம் வாசிக்கப்பட்டது. எப்போதிருந்து வருத்தம், என்ன மருந்து, மருந்தை நிறுத்தினால் திரும்பி வரலாம் என்று நாலு வரி.

பிறகு காதி கணவரைக் கூப்பிட்டார். அவர் எழுந்து நின்றார். நாக்குத் தடித்துப் போயிருந்ததால் மெதுவாகத்தான் கதைத்தார்.

"அண்டைக்குச் சொன்னது உங்களுக்கு நினைவிரிக்கா?"

"ஓம்."

"தலாக் எண்டா என்னெண்டு அந்த நேரம் தெரியுமா?"

"தெரியும்."

காக்கா தலையை ஆட்டினார். நான் வாங்கில் இருந்தபடி என் வழக்குக் கோவையை மூடினேன். எழுதியதெல்லாம் வீண் என்றுதான் நினைத்தேன்.

காதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "அப்ப என்னத்துக்குச் சொன்னீங்க? வீட்டில ஏதும் சண்டையா?"

"இல்ல. அவளோட எனக்கு ஒரு கோவமும் இல்ல."

"அப்ப?"

"அந்த ரெண்டு பேரும் பின் சீட்டில இரிந்தாங்க. அவள் என்ட பொஞ்சாதியா இரிக்கிற வரைக்கும் அவளையும் புள்ளையையும் விடமாட்டம் எண்டு சொன்னாங்க. நான் தலாக் சொன்னா அவளுக்கும் எனக்கும் ஒண்டும் இல்லத்தானே. அவள விட்டிருவாங்க எண்டு நினைச்சன். அதான் அவங்களுக்குக் கேக்கிற மாதிரி சத்தமாச் சொன்னன்."

மண்டபத்தில் பெண்கள் பக்கத்தில் தங்கச்சி அழத் தொடங்கினாள். மனைவி அழவில்லை. அதை அவள் முதல் தடவையாகக் கேட்கிறாள் என்பது அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது.

"அந்த ரெண்டு பேரும் இப்ப எங்க?" என்று காதி கேட்டார்.

அவர் யோசித்தார். "அப்பிடி ரெண்டு பேர் இல்லையாம் எண்டு டொக்டர் சொன்னாரு."

"நீங்க என்ன சொல்லுறீங்க?"

"இப்ப காணல்ல."

கடைசியாகக் காதி மனைவியிடம் கேட்டார். "புள்ள, நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. இந்த வருத்தம் திரும்பி வரலாம் எண்டு டொக்டர் எழுதியிரிக்காரு. உங்கட காக்கா சொல்லுறதும் பிழையில்ல. நீங்க என்னத்தக் கேட்டு வந்தீங்க?"

நான் சொல்லிக் கொடுத்த பதில் ஒன்று இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

"வரும் எண்டு எனக்குத் தெரியும். வரப்போகுது எண்டு முதல்ல கண்டுபிடிக்கிறதும் நான்தான். அவர் சாப்பிடக்குள்ள கதவுப் பக்கம் பாக்கத் தொடங்கினா எனக்கு விளங்கும். இனி விளங்கினா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவன். அதுக்கு நான் அவர்ர பொஞ்சாதியா இரிக்கணும். இல்லாட்டி ஆரு எண்டு கேட்டா நான் என்ன சொல்லுற?"

இரண்டு வாரம் தவணை போட்டார் காதி. அந்த இரண்டு வாரத்தில் தனக்குத் தெரிந்த, மார்க்கம் கற்ற ஆலிம்கள் இருவரிடம் எழுதிக் கேட்டார் என்று பிறகு அறிந்தேன். தீர்ப்பு ஒரு பக்கம்தான். சொன்ன சொல்லின் பொருள் அவருக்குத் தெரிந்திருந்தது உண்மை. ஆனால் அதைச் சொல்ல அவரைத் தூண்டிய காரணம் உலகத்தில் இல்லாத ஒன்று. இல்லாத ஆட்களின் மிரட்டலுக்குப் பயந்து மனைவியைப் பாதுகாக்கச் சொன்ன சொல், மனைவியை விலக்க நினைத்த சொல் ஆகாது. அந்த நேரத்தில் அவர் தன்னுடைய புத்தியில் இருக்கவில்லை. ஆகவே தலாக் நிகழவில்லை, கலியாணம் நிலைத்திருக்கிறது.

என்னுடைய விண்ணப்பத்தில் இந்தக் காரணம் எங்கேயும் இருக்கவில்லை. நான் டிக்கட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.

அவள் மூன்று பிரதிகள் கேட்டாள். ஒன்று பள்ளிக்கு, ஒன்று காக்காவுக்கு, ஒன்று தனக்கு. அன்று பகலே தங்கச்சி வீட்டிலிருந்து பாயையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொன்னார்கள். மரைக்காயர்மார் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார்கள். கிணற்றடி அவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அயலில் சில பெண்கள் அவள் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். அதற்கு எழுதிக் கொடுக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

வேலை விசயம் இழுபட்டது. பஸ்ஸில் திரும்ப ஏற்றமாட்டோம் என்றார்கள். ஐந்தாறு கடிதங்கள் எழுதிய பிறகு, டிப்போவுக்குள் டயர்கள் வைக்கும் அறையில் ஒரு வேலை கிடைத்தது. கண்டக்டர் உடுப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அழுதார் என்று சாரதி சொன்னார்.

வருத்தம் இரண்டு தரம் திரும்பி வந்தது. முதல் தரம் அவள் சொன்னபடியே முன்கூட்டிக் கண்டுபிடித்து, சாரதியோடு கூட்டிப் போய், மூன்று வாரத்தில் திரும்பி வந்தாள். இரண்டாவது தரம் எண்பதுகளின் நடுப்பகுதி. தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையில் நெருப்பு மூண்டு, மருதமுனைக்கும் காரைதீவுக்கும் இடையில் போக்குவரத்து நின்றுபோன நாட்கள். சாரதியால் வர முடியவில்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட இரண்டு மாதம் தெரியாது. மருந்து முடிந்துவிட்டது. அந்த முறை நெல் லொறி ஒன்றில் ஏறி, ஊர் சுற்றிப்போய் மருந்து வாங்கி வந்தவர் அவளுடைய காக்கா. யாரும் அவரைக் கேட்கவில்லையாம். மருந்துப் பொட்டலத்தைக் கதவடியில் வைத்துவிட்டு, ஒன்றும் கதைக்காமல் போனாராம்.

அவளுடைய வழக்குக்குப் பிறகு அப்படியான குடும்பங்கள் என்னிடம் வரத் தொடங்கின. பலபேரை அவளே அனுப்பினாள். தம்பியின் பேரிலுள்ள காணியை அவருக்காகப் பராமரிக்க நீதிமன்றத்தில் அனுமதி கேட்ட ஒரு தமக்கை. பாடசாலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு ஆசிரியையின் தகப்பன். அட்டாளைச்சேனையில் ஒருவர், மகன் வயலை விற்ற நாளில் அவனுக்குச் சுயபுத்தி இல்லை என்று காட்டி அதைத் திரும்ப எடுக்க வந்தார். நிறைய வழக்குகளில் தோற்றேன். ஆனால் 'புத்தி சுவாதீனமற்றவர்' என்று தொடங்கும் வரியை, தேவை இருந்தாலொழிய, பிறகு எழுதவில்லை.

ஒருநாள் அவளே ஒரு இளம்பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். கையில் காயத்துக்குப் போட்ட ஒரு கட்டு. புருசனுக்கு அதே மாதிரி வருத்தம், மருந்து எடுக்க மறுக்கிறார், அடிக்கிறார். அந்தப் பெண்ணுக்குக் கலியாணத்திலிருந்து விடுதலை வேண்டும். மனைவி காதியிடம் கேட்டுப் பெறுகிற பஸஹ் விவாகரத்துக்கு எழுதவேண்டும்.

நான் கூட்டி வந்தவளைத்தான் பார்த்தேன். "நீங்களா கூட்டி வந்தீங்க, ராத்தா?"

"ஓம். ஏன்?"

"இல்ல, நீங்க..."

"நான் இரிந்தன் எண்டதுக்காக இவவும் இரிக்கணுமா? அவர் எனக்கு ஒருநாளும் கைநீட்டல்ல தம்பி. இவட கையப் பாருங்க. இவக்கு அங்க இரிக்க ஏலா. எழுதுங்க."

எழுதினேன். என்ன கேட்பார்கள் என்று அந்தப் பெண்ணுக்கு அவளே சொல்லிக் கொடுத்தாள். நான் சொல்லவேண்டிய தேவை அதிகம் இருக்கவில்லை. ஐந்து மாதத்தில் பஸஹ் கிடைத்தது. தீர்ப்பு வந்த அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் புருசனுடைய உம்மா வந்தார். மகன் இனித் தன்னோடுதான் இருப்பான், அவனுக்காகத் தான் கையெழுத்து வைக்க ஒரு அதிகாரம் வேண்டும், அதற்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். யார் அனுப்பியது என்று கேட்டேன்.

"மருதமுனையில ஒரு புள்ள. சாரம் நெய்யிற" என்றார்.

அவருக்கும் எழுதிக் கொடுத்தேன். அது மாவட்ட நீதிமன்ற விசயம் என்பதால், இந்தத் தடவை நானே கதைக்க முடிந்தது.